பின்னாலிருந்து ஒரு குரல்

தலையணை உறை ஒன்று கிழிந்திருந்தது. தைக்கப் பெரிய ஊசி வேண்டுமென்று அம்மா காலத்து பிஸ்கட் டின்னைத் திறந்து தரையில் கவிழ்த்தேன். எங்கள் வீட்டில் நூல்கண்டு, ஹூக், பித்தான், உடைந்த ஜிப் எல்லாம் அந்த டின்னுக்குள்தான் கிடக்கும். குவியலைத் துழாவும்போது மெல்லிய குழாய் போன்ற ஓர் ஊசி கையில் தட்டுப்பட்டது. ஒரு முனையில் மரை. மறுமுனைக்குச் சற்று மேலே பக்கவாட்டில் சின்னத் துளை. கால்பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் ஊசி அடிக்கடி தொலைந்துபோகும். அதனால் பி.டி. டீச்சர் ஓர் ஊசியை என்னிடம் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். காய்ந்த ஊசியை வால்வுக்குள் செருகினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். நாக்கில் வைத்து எச்சில் தொட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த இரும்பு ருசியும், ஊசியை உருவும்போது பந்திலிருந்து சீறி வரும் ரப்பர் வாசனையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தைக்க வந்த உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செங்கத்தில் நாங்கள் ஆடிய மைதானத்தில் புல் கிடையாது. செம்மண், அதில் சரளைக்கல். வடக்கே ஜவ்வாது மலை நீலமாக நீண்டு கிடக்கும். மலைமேல் மேகம் இறங்கினால் ஒரு பீரியடுக்குள் எங்களுக்கும் தூறல் வந்துவிடும். மேலே நன்றாகப் பெய்தால் மறுநாள் செய்யாற்றில் கலங்கல் தண்ணீர் ஓடும். செங்கத்து ஆட்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மழை நின்ற சாயங்காலங்களில் மைதானம் கெட்டிப்பட்டு, பந்து நேராக உருளும். அந்த நாட்களுக்காக ஏங்குவோம்.

பெண்கள் பள்ளியென்றால் கோகோ, த்ரோபால், ரிங் இவைதான் என்று இருந்த காலம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அந்த டீச்சர்தான், ஆண்கள் பள்ளியில் கழித்துப் போட்டிருந்த இரண்டு பந்துகளைக் கேட்டு வாங்கி வந்தார். தோல் உரிந்து, சொரசொரவென்று இருந்த பந்துகள். ஹெட் பண்ணினால் நெற்றியில் கோடு விழும்.

அணி சேர்ப்பதில் அன்றைக்கு எல்லா ஊரிலும் ஒரே வழக்கம். வேகமாக ஓடுகிறவள் முன்னால் போவாள், மிச்சமிருப்பவள் பின்னால் நிற்பாள். டீச்சர் அதைத் தலைகீழாகச் செய்தார். முதல் நாள் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, "எனக்கு முதல்ல ஸ்டாப்பர் வேணும். கோல் போடறவளை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்படி அவர் கண்ணில் பட்டவள்தான் மலையிலிருந்து வந்திருந்த பெண். பரமனந்தலுக்கு மேலே, ஜமுனாமரத்தூர் போகிற பாதையிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர் அவளுக்கு. மலையாளிப் பழங்குடிக் குடும்பம். செங்கத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். சாமை மூட்டையையும் புளியையும் தலையில் வைத்துச் சரிவில் இறங்கிப் பழகிய கால்கள். அவளை யாரும் சாதாரணமாக இடித்துத் தள்ளிவிட முடியாது. முதல் வாரத்திலிருந்தே அவளை ஸ்டாப்பர் என்றே கூப்பிட்டோம். வகுப்பு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயருக்கு வேலையில்லாமல் போயிற்று. பின்வரிசையின் நடுவில் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான் ரைட் பேக்.

ஸ்டாப்பருக்கு எல்லாம் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. மலைப்பேச்சைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரிப்பார்கள் என்று அவள் வாயே திறப்பதில்லை. எங்கள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? என் ஆயா வீட்டு வாசலில் நான் கொஞ்சம் உரக்கச் சிரித்தாலே, "பொட்டப் புள்ள கொரலு தெருவுக்கு இன்னாத்துக்குடி கேக்கணும்?" என்பார். அடுப்படியில் பேசுவது கூடத்துக்குக் கேட்கக் கூடாது, கூடத்தில் பேசுவது திண்ணைக்குக் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

டீச்சருக்கு இது பிடிக்கவே இல்லை. "பேக்ல நிக்கறவளுக்குத்தான் மொத்த ஆட்டமும் தெரியும். முன்னால ஆடறவளுக்கு முதுகுக்குப் பின்னால கண்ணு கிடையாது. நீதான் அவளுக்குக் கண்ணு. நீ வாயை மூடிட்டு நின்னா, அவ குருடியா ஆடணும்" என்றார். பிறகு ஒரு பயிற்சி வைத்தார். என்னை மைதானத்தின் நடுக்கோட்டில் முகம் அந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவார். ஸ்டாப்பர் கோல் போஸ்ட்டுக்குக் கீழே. டீச்சர் எங்கேயாவது நின்றுகொண்டு விரல்களை உயர்த்துவார். எத்தனை விரல் என்று ஸ்டாப்பர் கத்த வேண்டும். நான் திரும்பாமலே அதைக் கேட்டு, அத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும். மலைக்காற்று எதிரே வீசும் நேரமாகப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சி நடக்கும்.

முதல் சில நாட்கள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்றின் சத்தம், சாலையில் திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரன், இவைதான். டீச்சர் திட்டவில்லை, "மறுபடி" என்பார். ஒரு சாயங்காலம், எல்லாரும் களைத்துப்போய் பையைத் தூக்கும் நேரத்தில், பின்னாலிருந்து "மூணூ!" என்று ஒரு சத்தம் வந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்து பார்த்தார். மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்கு ஆளைக் கூப்பிடுவார்களே, அந்தக் குரல். அது அவளிடம் எப்போதும் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தபோது மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு பேச்சு உண்டானது. "ஆள் வருது" என்றால் உன் முதுகில் எதிராளி இருக்கிறாள், பந்தைத் திருப்பாதே. "டைம் இருக்கு" என்றால் நிதானமாகத் திரும்பலாம். "விடு" என்றால் பந்தைத் தொடாதே, பின்னால் நான் இருக்கிறேன். "ஏறு ஏறு" என்றால் நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னே நகர வேண்டும். அப்படி நகர்ந்தால் எதிரணி முன்வரிசைக்காரி ஆஃப்சைடில் தனியாக மாட்டிக்கொள்வாள். இப்படி ஏறுவதில் ஒருத்தி ஓர் அடி தாமதித்தாலும் எல்லாம் போயிற்று. நாலு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒன்றாக நகர்வதற்கு, கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்தவற்றில் இன்னொன்று. "காலைப் பாக்காதே, பந்தையும் பாக்காதே. இடுப்பைப் பாரு. கால் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு போற பக்கந்தான் ஆள் போவா." பாய்ந்து விழுந்து பந்தைத் தட்டுவதை அவர் மெச்சவே மாட்டார். எதிராளியின் ஓட்டத்தைத் தடுத்து, கோட்டோரம் ஒதுக்கி, நம் ஆட்கள் திரும்பி வரும்வரை அவளை இழுத்தடிப்பதுதான் உண்மையான திறமை என்பார். பக்கவாட்டில் நின்று, முழங்காலை மடக்கி, கை நீளம் இடைவெளி விட்டு, பின்னுக்குப் பின்னாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தொடை எரியும். பார்க்கிறவர்களுக்கு இவள் எதுவுமே செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

உடுப்பு விஷயத்தை இப்போது சொன்னால் பெண்கள் நம்பமாட்டார்கள். பாவாடை தாவணிப் பள்ளியில் அரைக்கால் சட்டை போட்டு மைதானத்தில் இறங்குவது என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்கு உரிய விஷயமாக இருந்தது. சுடிதார் பேன்ட்டை உள்ளே போட்டு, அதன்மேல் டிராயர் அணிந்து, அதற்கும் மேலே தொடைவரை தொங்கும் சட்டை. வெயிலில் அத்தனையும் நனைந்து கனக்கும். ஷின் பேட் வாங்க யாரிடம் காசு இருந்தது? நீளமான நோட்டு அட்டையை இரண்டாக மடித்து சாக்ஸுக்குள் செருகிக்கொள்வோம். வருஷக் கடைசியில் எங்களில் ஒருத்தி நோட்டுக்கும் அட்டை இருக்காது. மாதவிலக்கு நாட்களில் என்ன செய்தோம் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. டீச்சர் மட்டும் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, "நீ இன்னிக்கு லைனுக்கு வெளியே நின்னு கத்து. அதுவும் ஆட்டம்தான்" என்பார்.

திருவண்ணாமலையில் நடந்த ஒரு மாவட்டப் போட்டி. எதிரே இருந்தது நல்ல ஷூவும் ஒரே நிறச் சாக்ஸும் போட்ட அணி. எங்களுக்கு ஒரு கோல் கிடைத்துவிட்டது. அதைப் போட்டவள் எங்கள் லெஃப்ட் அவுட். அதன் பிறகு ஆட்டம் முழுவதும் எங்கள் பாதியிலேயே நடந்தது. கடைசிச் சில நிமிடங்களில் ஒரு பந்து உயரமாக, என் தலைக்கு நேராக இறங்கி வருகிறது. எனக்குப் பின்னால் மூச்சு கேட்கிறது. யாருடைய மூச்சு என்று தெரியாது. குதித்து ஹெட் பண்ணிவிடலாம் என்று கால் எழும்பிய நேரத்தில் "விடு!" என்று குரல் வந்தது. விட்டேன். பந்து என் தலைக்குமேல் ஒரு சாண் தூரத்தில் கடந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தபோது ஸ்டாப்பர் அதை மார்பில் வாங்கி, தரையில் இறக்கி, ஒருத்தியைத் தாண்டவிட்டு, கோட்டுக்கு வெளியே அடித்திருந்தாள். நான் குதித்திருந்தால் பந்து என் தலையின் ஓரத்தில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போயிருக்கும். அது பின்னால் நின்ற அவளுக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் நான்கு வரிச் செய்தி வந்தது. பள்ளியின் பெயர், லெஃப்ட் அவுட்டின் பெயர், ஒன்றுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் யாருடைய வேலை என்று அதில் இல்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. லெஃப்ட் அவுட்டின் அப்பா பேப்பரை லேமினேட் பண்ணி மாட்டினார். நாங்கள் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அந்தக் கோடையிலோ அடுத்த கோடையிலோ வரலாற்று டீச்சர் எங்களை நடுகல் பார்க்கக் கூட்டிப்போனார். செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி காலத்தில் தமிழகத் தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமாகவே போட்டது. பெரும்பாலான கற்களில் இருப்பவர்கள், ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தவர்களை எதிர்த்து நின்று விழுந்தவர்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் காவல் நின்ற ஒரு நாயின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது! ஸ்டாப்பர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நாய்க்குப் பேரு எழுதி வெச்சாங்களா?" என்று டீச்சரிடம் மறுபடி மறுபடி கேட்டது ஞாபகம் இருக்கிறது. எந்த மண்ணில் காத்து நின்றவர்களுக்குக் கல் நட்டார்களோ அந்த மண்ணில்தான் நாங்கள் பேக் ஆடினோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

பந்து ஆடிப் பிழைக்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு அன்றைக்கு இருந்ததில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அதற்கு மேலே போனால் போலீஸ் அல்லது ரயில்வே வேலை. கனவின் எல்லை அதுதான். எங்களுக்கு முன்னாலேயே எத்தனை பெண்கள் ஆடியிருக்கிறார்கள் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் தொடங்கி, தேசியப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். 1980-ன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இறுதிவரை போனார்கள். 1983-ல் பாங்காக்கில் மறுபடி இறுதிப் போட்டி; தாய்லாந்திடம் தோற்று இரண்டாம் இடம். அதே ஆண்டு சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. இங்கிலாந்தில்கூடச் சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று 1921-ல் போட்ட தடை ஐம்பது வருஷம் இருந்திருக்கிறது. இதில் எதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் முதன்முதலாக இதைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஆடினோம்.

பின்வரிசையில் நின்றே ஒருத்தி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியும் என்பதை எனக்குக் காட்டியவர் லோய்டோங்பம் ஆஷாலதா தேவி. இம்பால்காரர், 1993-ல் பிறந்தவர். இருபது வயது ஆவதற்குள் இந்திய சீனியர் அணிக்கு வந்துவிட்டார். 2015-ல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப்புக்காக ஆடப் போனார். பெண்களுக்கான தேசிய லீக் நம் நாட்டில் 2016-17-ல்தான் தொடங்குகிறது. மூன்றாவது வருஷமே அந்தக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019 மே மாதம் லூதியானாவில் மதுரை சேது எஃப்.சி. 3-1 என்று மணிப்பூர் போலீஸைத் தோற்கடித்தது. அந்தச் சேது அணியின் பின்வரிசையில் ஆஷாலதா. பிறகு கோகுலம் கேரளா, அதற்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால். போன இடமெல்லாம் கோப்பை. 2019-ல் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கான கடைசி மூவரில் அவரும் ஒருவர். விருது ஜப்பானின் சகி குமகாய்க்குப் போனது. குமகாயும் தன் நாட்டுக்குப் பின்வரிசையில் நிற்கிறவர்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது, மூன்று பேரில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆஷாலதா ஆடுவதைப் பார்த்தால் எங்கள் டீச்சர்தான் நினைவுக்கு வருவார். அவ்வளவு எளிதில் கீழே விழமாட்டார். ஆளை ஒதுக்கிக்கொண்டே போவார். கை ஓயாமல் அசையும்: நீ அங்கே, நீ இங்கே, ஏறு. அவர் சொல்வது மணிப்புரியா, ஹிந்தியா என்று எனக்குத் தெரியாது. எந்தச் சொல் எதற்கு என்று மட்டும் தெரியும்.

அவருக்கு நேர்ந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே, மும்பைப் பக்கம் நடந்தது. அவர்தான் கேப்டன். முதல் ஆட்டம் இரானோடு 0-0. கோல் விழாமல் காப்பாற்றிய ஆட்டம். அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா பரவி, களம் இறக்கப் பதின்மூன்று பேர்கூட இல்லை. இந்தியா விலக வேண்டியதாயிற்று. விலகியதோடு போகவில்லை, விதிப்படி இரானுடனான ஆட்டமும் செல்லாது என்றானது. பின்வரிசைக்காரியிடம் காட்டுவதற்கு இருப்பதே அந்தப் பூஜ்யம் ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தை ஃபிஃபா தடை செய்தபோது, ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய் இறங்கிவிட்ட கோகுலம் பெண்கள் பந்தைத் தொடாமலே திரும்பி வந்தார்கள். பத்தே நாளில் தடை நீங்கியது, போட்டிதான் போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு 2024 அக்டோபரில் காத்மாண்டுவில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் ஆஷாலதா நூறாவது முறையாக நாட்டுக்காக இறங்கினார். நூறைத் தொட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். கோல் போட்டுப் பேர் வாங்கிய எத்தனையோ பேர் இருக்க, அந்த இடத்துக்கு முதலில் போனவர் ஒரு பேக். அன்றைக்கு எனக்குச் சமையலே ஓடவில்லை.

நம் தமிழ்ப் பெண்களையும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், மணிப்பூரையே 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முதலாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் ஹரியானாவை வென்று இரண்டாவது முறை. கடலூர் இந்துமதி கதிரேசன் நடுவரிசைக்காரர், தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். பந்து ஆடினால் போலீஸ் வேலை என்ற எங்கள் காலத்து வழி இன்னும் அடைபடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பந்தே வேலையாக இருக்க வேண்டும். 2023-ல் சம்மேளனம் தேசிய லீக் கிளப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருஷத்துக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்கு இருபத்தாறாயிரம் சொச்சம். ஆண்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் மனம் கசக்கும். இருந்தாலும், ஒரு செங்கத்துப் பெண் தன் அப்பாவிடம் போய் "இது சம்பளம்" என்று சொல்லக்கூடிய தொகை. எங்களிடம் சொல்வதற்கு அந்த ஒரு சொல் இல்லாமல்தான் பாதிப் பேர் பிளஸ் டூவோடு நின்றார்கள்.

நான் காலேஜ் வரை ஆடினேன். ஒரு சாயங்காலப் பயிற்சியில் என் பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. வீட்டில் வேறு யோசனையே இல்லை, புத்தூர்க் கட்டுதான். பச்சிலைச் சாந்து, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, அதன்மேல் துணி. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்த எத்தனையோ பேர் அந்தக் கட்டில் எழுந்து நடந்திருக்கிறார்கள். எனக்கு முறிந்திருந்தது எலும்பில்லை. ஏ.சி.எல். என்று முழங்காலுக்குள் ஒரு தசைநார் இருப்பதும், அது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகமாக அறுகிறது என்பதும், அறுவை செய்து ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ பழக்கினால் மறுபடி ஆடலாம் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சனுக்கு 2023-ல் இதே தசைநார் அறுந்தது. அவரும் டிஃபெண்டர். அந்த வருஷத்து உலகக் கோப்பை அவருக்குப் போயிற்று. 2025-ல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற படத்தில் நான் முதலில் பார்த்தது அவருடைய முழங்காலைத்தான்.

இப்போது செங்கம் பக்கம் போனால் பெண்கள் லெக்கின்ஸுக்கு மேல் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் தாங்களே வந்து இறங்குகிறார்கள். முதலமைச்சர் கோப்பை என்று மாவட்டம்தோறும் போட்டி. அப்பாக்கள் கோட்டோரம் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள். மைதானத்தில் சரளைக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் போனால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்தான் நிற்பேன். இன்றைய பெண்கள் பந்தோடு எங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் நிற்கிறவர்கள் இன்னும் வாய் திறப்பதில்லை. என்னால் சும்மா இருக்க முடியாது. "ஏறும்மா, ஏறு!" என்று கத்திவிடுவேன். அவர்கள் திரும்பிப் பார்த்து, "யாரு இந்த ஆன்ட்டி?" என்று சிரிப்பார்கள், பிறகு ஏறுவார்கள்.

ஸ்டாப்பர் பிளஸ் டூ முடித்ததும் மலைக்கே போனாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஏக்கர் கணக்கில் சாமை. அதோடு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் சமையல் வேலை. சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பள்ளிப் பெண்களோடு மைதானத்தில் இறங்கிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டு ஒருமுறை மேலே போயிருந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, விரல்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். போஸ்ட்டடியில் நின்ற சின்னப் பெண் "அஞ்சு!" என்று கத்தியது பீமன் அருவி வரை கேட்டிருக்கும்.

2025 ஜூலையில் இந்தியாவும் தாய்லாந்தும் சியாங் மாயில் மோதின. ஜெயித்தவருக்கு ஆசியக் கோப்பையில் இடம். தாய்லாந்து தரவரிசையில் 46, நாம் 70. அவர்களை நாம் அதுவரை ஜெயித்ததே இல்லை. ஸ்டாப்பர் ஊரில் வீடியோ ஓடுகிற அளவுக்கு டவர் கிடையாது. நான் ஆட்டத்தை ஒரு போனில் பார்த்துக்கொண்டு, இன்னொரு போனில் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். சங்கீதா பாஸ்ஃபோர் முதல் கோலை அடித்தபோது, "ம்" என்றாள். தாய்லாந்து சமன் செய்தபோதும், "ம், பின்னாடி யாரு தூங்கினா?" என்று மட்டும் கேட்டாள். எழுபத்து நான்காவது நிமிடத்தில் சங்கீதா இரண்டாவது கோலைப் போட்டதும் நான் எழுந்து நின்று கத்துகிறேன், அவள் அங்கே, "கத்தாதடி, இன்னும் பதினாறு நிமிஷம் இருக்குது. இப்பத்தான் ஆட்டமே" என்கிறாள்.

அந்தப் பதினாறு நிமிஷமும் அதற்கு மேல் நடுவர் கொடுத்த நேரமும் அவள் என்னை ஒரு வார்த்தை வீணாகப் பேசவிடவில்லை. பந்து எந்தப் பக்கம்? லைன் எங்கே நிக்குது? இறங்கிட்டாங்களா? "ஏறச் சொல்லுடி அவங்கள, பெட்டிக்குள்ளயே நின்னா எப்படி?" என்று சியாங் மாயில் இருப்பவர்களுக்கு மலையிலிருந்து உத்தரவு. 2-1 என்று ஆட்டம் முடிந்து, களத்தில் எல்லாரும் ஓடிப்போய்ச் சங்கீதாவைக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"சரி, சங்கீதா பேரு நாளைக்குப் பேப்பர்லயே வரும். பின்னாடி நிக்கறவங்க பேரச் சொல்லு" என்றாள்.

அணிப் பட்டியலில் பார்த்த பின்வரிசைப் பெயர்களைச் சொன்னேன். ஸ்வீட்டி தேவி, ஷில்கி தேவி, நிர்மலா தேவி, மார்டினா தோக்சோம். மணிப்பூர்ப் பெயர்கள் அவளுக்கு ஒரே தடவையில் பிடிபடவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாள்.

"இத்த வாட்ஸப்புல எழுதி அனுப்பு. எங்க பொண்ணுங்க கோல் போட்டவங்க படத்தையே சுவத்துல ஒட்டி வெச்சிருக்குதுங்க. நாளைக்கு இந்தப் பேருங்களயும் போர்டுல எழுதணும்" என்றாள்.